எட்டுப் பங்குப் பெட்டி

மில்லுக்காரர் கிடங்கைத் திறந்ததும் முதலில் வந்தது சத்தம். ஓயாத ஒரு படபடப்பு. ஓலைக் கொட்டகையில் காற்று புகுந்தால் கேட்குமே, அப்படி. ஆனால் அது ஓட்டுக் கிடங்கு. ஜன்னலும் சாத்தியிருந்தது.

அடுத்து நாற்றம் வந்தது. ஈரத் துணியை இரண்டு நாள் மூட்டை கட்டி வைத்தால் வரும் நாற்றம்.

மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பட்டு வியாபாரி வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் மூன்று பேர் அவரை உபசாரமாக உள்ளே அழைத்துப் போனார்கள். போன வேகத்தில் நாலு பேரும் வெளியே வந்தார்கள். வியாபாரியின் கோட்டெல்லாம் பழுப்புப் பழுப்பாகக் கறை. தோளில் இரண்டு வெள்ளைப் பூச்சிகள், வாலோடு வால் ஒட்டிக்கொண்டு, சுற்றியிருக்கிறவர்களைப் பற்றிய கவலையே இல்லாமல் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

வாசலில் நின்ற பெண்கள் நாங்கள் எட்டிப் பார்த்தோம். தரை தெரியவில்லை. பட்டுக்கூடுகளைப் பரப்பியிருந்த மூங்கில் தட்டு, சுவர், தூண் எங்கும் பூச்சி. பறக்கத் தெரியாத பூச்சி அது. இறக்கையை அடித்துக்கொண்டு நடக்கும், ஜோடி தேடும், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டுக்கூடு என்பது அறுபடாத ஒரே நூல். உள்ளே இருக்கும் புழு பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் அந்த நூல் துண்டு துண்டாகிவிடும். ஓட்டை விழுந்த கூட்டை எந்த வியாபாரியும் தொடமாட்டான்.

அந்தக் குவியலில் எங்கள் வீட்டுக் கூடும் இருந்தது. அது விற்றால்தான் நான் டீச்சர் ட்ரெய்னிங் போக முடியும். அன்றைக்கு அந்த வாசலில் நின்று நான் அழவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அதே ஆத்திரம்தான் வருகிறது. பத்திரிகை ஆசிரியர் வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும்.

அத்தை போட்ட ஒப்பந்தம்

கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான், பேரிகைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். ஒரு வாசகர், "மாமியார் கொடுமை உண்டா?" என்று ஆவலோடு கேட்டிருக்கிறார். மன்னிக்கவும், அவரை ஏமாற்றப் போகிறேன்.

என் மாமியார் பெயர் முனியம்மா. கையெழுத்துப் போடத் தெரியாது. வாய் மட்டும் நாலு ஊருக்குக் காணும். மகன், அதாவது என் வீட்டுக்காரர், அப்போது கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலைக்குப் போய், மாதம் ஒருமுறை முகம் காட்டுவார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு மாடு, பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை இலைக்குக் கால் காணித் தோட்டம்.

மாநில எல்லை பிரித்த புதுசு அது. பட்டு விளைந்த கொள்ளேகால் பக்கமெல்லாம் மைசூரோடு போய்விட்டது. இனி நம் பக்கத்திலும் பட்டு வேண்டும் என்று சர்க்காருக்குத் தோன்றி, ஓசூர் சுற்று வட்டாரத்தில் புழு வளர்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பல வீடுகள் அதில் இறங்கின.

ட்ரெய்னிங் ஸ்கூலுக்கு மனுப் போடட்டுமா என்று நான் மெதுவாகப் பேச்செடுத்தபோது அத்தை சாணி தட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"எத்தன வருசம்?"

"ரெண்டு வருசங்க அத்தே."

"முடிச்சா சர்க்காரு வேலயா?"

"ஆமாங்க."

"அப்ப இந்த ஈடு பூச்சிய நீ பாரு ரத்தினா. வர்ற கூடு உன்னுது. வித்துக்கினு போயி படி. டீச்சரம்மா மாமியாருன்னு என்னையும் நாலு பேரு மருவாதயா கூப்புடட்டும்."

அவ்வளவுதான் ஒப்பந்தம். ஈடு என்றால் ஒரு தடவை வளர்ப்பு; எங்கள் ஊரில் புழுவையும் பூச்சி என்றுதான் சொல்வார்கள். நான் புழுவுக்கு அடிமையானேன். விடியுமுன் எழ வேண்டும். பனி காய்வதற்குள் இலை பறிக்கக்கூடாது, காய்ந்தபின் பறிக்க வேண்டும், நறுக்க வேண்டும், நேரம் தவறாமல் போட வேண்டும். எறும்பு வரக்கூடாது, பல்லி வரக்கூடாது, அடுப்புப் புகை வரக்கூடாது. குளிக்காமல் தொடக்கூடாது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் அந்த அறைப் பக்கமே போகக்கூடாது. அந்த நாட்களில் அத்தையே எல்லாம் பார்த்துக்கொண்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கூடு நன்றாகவே கட்டியது. கையில் எடுத்துக் காதோரம் ஆட்டினால் உள்ளே கடகடவென்று கேட்கும். ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார் அத்தை.

மூன்று பேர், மூன்று இரண்டு

உயிர்க்கூடாக விற்றால் நாலைந்து நாளுக்குள் விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி வந்துவிடும். இது தரகர்களுக்குத் தெரியும். அதனால் முதல் நாள் வரமாட்டார்கள். மூன்றாம் நாள் சாவகாசமாக வந்து அடிமாட்டு விலை கேட்பார்கள்.

அதற்கு வழி, கூட்டை ஆவியில் வைத்து உள்ளே இருப்பதைக் கொன்று உலர்த்திவிடுவது. பிறகு மாதக்கணக்கில் வைத்திருந்து விலை ஏறும்போது விற்கலாம். பட்டு இலாகா இன்ஸ்பெக்டர் ஒரு மாதிரிப் பெட்டி கொண்டுவந்து காட்டினார். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை முழம். அடியில் சட்டம் அடித்து இடைவெளி விட்டிருக்கும். கொதிக்கிற அண்டாவின் மேல் அதை உட்கார வைத்தால் ஆவி உள்ளே ஏறும். நடுநடுவே தட்டு. ஒரு வீட்டுக் கூடு ஒரு தடவைக்குச் சரியாக இருக்கும். இன்ஸ்பெக்டர் காட்டிவிட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் போய்விட்டார்.

ஊரில் சங்கம் வைத்தார்கள். சங்கம் என்றால் மூன்று பேர். அரிசி மில்லுக்காரர், வீட்டில் தெலுங்கு. காட்டுக் கான்ட்ராக்டர், வீட்டில் கன்னடம். கோயில் தர்மகர்த்தா, வீட்டில் தமிழ். வீட்டில் எதைப் பேசினாலும் சபையில் மூன்று பேரும் பேசியது கௌரவம் ஒன்றைத்தான். புழு வளர்த்தவர்கள் முக்கால்வாசி பெண்கள். சங்கத்தில் எங்களுக்கு ஓரமாக நிற்க இடம் கொடுத்திருந்தார்கள். கருணைதான்.

"இன்ஸ்பெக்டரு பொட்டி மாதிரி ரெண்டு பங்கு இருந்தாப் போதும்," என்று ஆரம்பித்தார் மில்லுக்காரர். "நீளத்த ரெண்டாக்கிருவோம். மூணு முழம்."

அத்தோடு விட்டிருந்தால் பேரிகை பிழைத்திருக்கும். கான்ட்ராக்டர் தொண்டையைச் செருமினார். மில்லுக்காரர் சொன்னபடியே பெட்டி செய்தால் அது மில்லுக்காரர் பெட்டியாகிவிடாதா? பலகை இவருடையதாயிற்றே!

"அகலத்தையும் ரெண்டாக்கணும். இல்லன்னா பொணப்பொட்டியாட்டம் இருக்கும்," என்றார்.

எல்லோரும் தர்மகர்த்தாவைப் பார்த்தார்கள். அவர் சும்மா இருந்தால் தமிழ்த் தெரு வாய்க்கு அவல் ஆகிவிடும். "உசரத்த மட்டும் ஏன் உடறீங்க? அதுவும் மூணு முழம் இருக்கட்டும்," என்றார்.

ஆளுக்கு ஒரு பக்கம் கிடைத்தது. மூன்று பேருக்கும் பரம திருப்தி. ஆசாரியைக் கூப்பிட்டார்கள்.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "அப்படிப் பண்ணா ரெண்டு பங்கு இல்லீங்க. எட்டுப் பங்கு ஆயிடும்," என்றேன்.

மில்லுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விரல் மடக்கினார். "இவுரு ஒரு ரெண்டு, அவுரு ஒரு ரெண்டு, நானு ஒரு ரெண்டு. ஆறும்மா! எஸ்.எஸ்.எல்.சி.ல எட்டுன்னா சொல்லிக் குடுத்தாங்கோ?"

சபை சிரித்தது. கான்ட்ராக்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி சிரித்தார்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். இதே மில்லுக்காரர் நிலம் வாங்கும்போது இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார். நீளம் இரட்டை, அகலம் இரட்டை என்றால் நாலு பங்கு நிலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வரப்பில் அரை அடி போனால்கூட அவருக்குத் தூக்கம் வராது. தன் நிலத்துக்குக் கணக்கு வரும். அடுத்தவள் வளர்த்த கூட்டுக்கு வராது.

சோப்புத் திருடிகள்

எட்டுப் பங்கு விஷயம் எனக்குப் புத்தகத்தில் பார்த்து மனப்பாடமானது அல்ல. விடுதிச் சோப்பில் வந்தது.

கிருஷ்ணகிரி விடுதியில் துணி துவைக்கப் பெரிய பார் சோப்பை வெட்டிக் கொடுப்பார்கள். புதிதாக வந்த வார்டன் அம்மாளுக்குச் சிக்கனப் பைத்தியம். ஒவ்வொரு கட்டியையும் எல்லாப் பக்கமும் பாதியாக வெட்டி, சுண்டைக்காய் சுண்டைக்காயாக எட்டுத் துண்டு ஆக்கிக் கொடுத்தார். சின்னதாக இருந்தால் நாங்கள் கொஞ்சமாகத் தேய்ப்போமாம்.

நடந்தது நேர்மாறு. சோப்பு கரைவது வெளிப்புறத்தில்தானே? ஒரு கட்டிக்கு ஆறு முகம். எட்டுத் துண்டு ஆக்கினால் நாற்பத்தெட்டு முகம். ஒவ்வொன்றும் சிறுசுதான், கூட்டிப் பார்த்தால் முன்பைவிட இரண்டு மடங்கு வெளிப்புறம். ஈரக் குளியலறையில் அது சும்மா இருக்கும்போதே கரைந்தது. மாதக் கடைசிவரை வரவேண்டிய சோப்பு பாதியில் தீர்ந்துபோனது.

வார்டன் அம்மாள் என்ன செய்தார்? கத்தியைச் சந்தேகப்பட்டாரா? எங்களை வரிசையில் நிற்க வைத்து டிரங்குப் பெட்டிகளைக் கொட்டிச் சோதனை போட்டார். "சோப்பத் திருடி வீட்டுக்கு அனுப்புறீங்களா?" என்று கேட்டார். ஒரு பெண் பெட்டியிலிருந்து ஒரு வறுத்த கடலைப் பொட்டலம் கிடைத்தது. அதைப் பறிமுதல் செய்து தின்றுவிட்டார்.

அன்றைக்கு இரண்டு பாடம் கற்றேன். ஒரு பொருளின் உள்ளடக்கம் ஒரு கணக்கில் ஏறும், வெளிப்புறம் வேறு கணக்கில் ஏறும் என்பது ஒன்று. பெரியவர்கள் கணக்குத் தப்பினால் பெண்களின் பெட்டியைத் திறப்பார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது பாடம்தான் அதிகம் உபயோகப்பட்டது.

ஒரே கொதி

பெட்டி வந்தது. அடேயப்பா! அண்டாவின் மேல் ஏற்றி வைத்தபோது மேல்விளிம்பு ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது. ஏணி போட்டு ஏறித்தான் கூட்டைக் கொட்டினார்கள்.

கொட்டக் கொட்டப் பிடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வீட்டுக் கூட்டுக்குச் செய்த பெட்டியில் மூன்றாவது வீட்டுக் கூடும் போனது, நாலாவது வீட்டுக் கூடும் போனது. எட்டு வீட்டுக் கூட்டையும் விழுங்கிவிட்டு ஏப்பம் விடாமல் நின்றது. நான் சொன்ன எட்டு, கண் முன்னால் நிரூபணமாகிக்கொண்டிருந்தது. யாருக்காவது உறைத்ததா? ஆசாரிக்குத் துண்டு போர்த்தினார்கள். கைராசி என்றார்கள். தர்மகர்த்தா சூடம் ஏற்றினார்.

தட்டுகளை வேறு எடுத்துவிட்டார்கள். தட்டு வைத்தால் இடம் போகிறதாம்.

அடியில் இன்ஸ்பெக்டர் காட்டியபோது வைத்த அதே பழைய அண்டா. அதே பழைய அடுப்பு. ஒரு வீட்டுக் கூட்டுக்கு உண்டான ஆவி, எட்டு வீட்டுக் கூட்டுக்குப் போக வேண்டும்.

"அண்டா பெருசா வேணுங்களே. நேரமும் அதிகமா விடணும். இல்லாட்டி தனித்தனியா வெச்சு எடுக்கலாங்க," என்றேன்.

"எதுக்கு?" என்றார் கான்ட்ராக்டர். "ஒரே கொதியில எல்லாம் முடிஞ்சா வெறகு மிச்சம். யாபாரம்னா என்னான்னு தெரியாம பேசாத தாயி."

விறகு அவருடையதுதான். அவருக்கு வியாபாரம் தெரியும்.

"என் கூட்டையாச்சும் நான் எடுத்துக்கறேனுங்க," என்றேன்.

"கொட்டுனதுல உன் கூடு எது, அடுத்தவ கூடு எது?" என்று கேட்டார் மில்லுக்காரர்.

ஆவிக்குப் பெரிய மனிதர்களைப் போலத்தான் புத்தி. கஷ்டமான வழியில் போகாது. இறுக்கி அடைத்த கூட்டுக் குவியலுக்குள் நுழைய அதற்கு என்ன தலையெழுத்து? பலகை ஓரமாகச் சந்து பார்த்து மேலே ஏறி மூடியிடுக்கில் புஸ்ஸென்று வந்தது. "ஆவி வந்திருச்சு! ஆயித்து, ஆயித்து!" என்று கன்னடத்தில் கூவினார் கான்ட்ராக்டர். முடிந்துவிட்டதாம்.

சோதனையும் செய்தார்கள். மேலே ஓரத்திலிருந்து ஒரு கூட்டை எடுத்து அறுத்துப் பார்த்தார்கள், உள்ளே செத்திருந்தது. அடியிலிருந்து ஒன்றை உருவி அறுத்தார்கள், அது வெந்தே போயிருந்தது. நடுவிலிருந்து எடுக்கவில்லை. நடுவுக்கு யாருடைய கையும் எட்டவில்லை.

எல்லாவற்றையும் மில் கிடங்கில் தட்டுகளில் பரப்பிக் கதவைப் பூட்டினார்கள். விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். விலை ஏறுமுன் பூச்சி வந்த கதையைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

யார் தொட்டது?

மறுநாளுக்கு மறுநாள் மில் களத்தில் கூட்டம். இந்தப் பக்கத்து வழக்கப்படி, பஞ்சாயத்து பேசி முடித்தால் எல்லோரும் உட்கார்ந்து களி தின்றுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். வயிறு நிறைந்தால் கோபம் தணியும் என்று யாரோ நல்ல எண்ணத்தில் ஏற்படுத்தியது. களி கிண்டும் வேலை யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். அன்றைக்கு எங்கள் வீட்டு முறை.

பேச ஆரம்பித்தவர் தர்மகர்த்தா. "வேகவெச்சது உயிரோட எழுந்து வருதுன்னா அது சாதாரண விசயமில்ல. தீட்டு பட்டிருக்குது."

அப்பாடா என்று மற்ற இரண்டு பேருக்கும் மூச்சு வந்ததை நான் பார்த்தேன். பெட்டி தப்பித்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் தப்பித்தன.

மில்லுக்காரர் நேராக என்னிடம் திரும்பினார். "ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. இந்த ஆச்சாரமெல்லாம் உனக்கு எளக்காரம். அந்த மூணு நாளு கூட்டத் தொட்டியா இல்லியா? உள்ளதச் சொல்லு."

அத்தனை ஆண்களுக்கு நடுவில். களத்தில் நெல் காயவைக்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

அத்தை எழுந்தார். "தொடல. அந்த மூணு நாளும் நான்தான் பாத்தேன். எனக்குத் தீட்டு நின்னு உங்க மில்லு வயசு ஆவுது."

ஒரு பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. ஆனால் கான்ட்ராக்டர் விடவில்லை. சங்கத்திலிருந்து எங்கள் வீட்டைத் தள்ளிவைப்பது, இருக்கிற நல்ல கூட்டில் எங்களுக்குப் பங்கில்லை, இனி புழுமுட்டையும் கிடையாது என்று யோசனை சொன்னார். களி தின்றுவிட்டு முடிவு சொல்லலாம் என்றார்கள்.

முட்டை கிடையாது என்றால் அடுத்த ஈடு கிடையாது. அடுத்த ஈடு கிடையாது என்றால் ட்ரெய்னிங் ஸ்கூலும் கிடையாது. காலம் முழுக்க நான் இந்த மூன்று பேருக்குக் களி கிண்ட வேண்டியதுதான்.

களி

வீட்டுக்குள் வந்ததும் அத்தை எப்போதும்போல எட்டுப் பானையை எடுத்தார். ஒவ்வொன்றாக அடுப்பில் ஏற்றி, உலை கொதித்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, வெந்தபின் துடுப்பால் கிண்டி இறக்குவதுதான் முறை.

"அத்தே," என்றேன். "எட்டுப் பானை புடிக்கற கோயில் அண்டா நம்ம வூட்டுலதானே இருக்குது? அதுல ஒரே கொதியில கிண்டிரலாங்களா?"

"இந்த அடுப்புலயா? உனக்கென்னடி..." என்று ஆரம்பித்த அத்தை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "மாவு வீணாப்போவுமே" என்று ஒரு நொடி யோசித்தார். "போவட்டும் போ. எடு அண்டாவ."

எட்டுப் பானைத் தண்ணீர், எட்டுப் பானை மாவு, ஒரு பானைக்கு உண்டான அடுப்பு, ஒரு பானைக்கு உண்டான நேரம். மாவை நடுவில் மலையாகக் கொட்டினோம். ஓரத்தில் கொப்பளித்து ஆவி வந்தது. "ஆயித்து, ஆயித்து," என்றார் அத்தை. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்த நிலைமையில் எப்படிச் சிரிப்பு வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

நடுவிலிருந்து எடுத்து உருட்டி மூன்று பேருக்கும் நானே பரிமாறினேன். மேலே கீரைக் குழம்பு.

களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும். மில்லுக்காரர் பெரிய கவளமாக விழுங்கினார். பாதியில் நின்றது. கண் பிதுங்கியது. பச்சை மாவு வாயெல்லாம் அப்பிக்கொண்டு, பேச்சு வராமல் கையை ஆட்டினார். தர்மகர்த்தா தண்ணீர் கேட்டார். கான்ட்ராக்டர் இலையிலேயே துப்பினார்.

"மாவு வேகவே இல்லியே!" என்று கத்தினார் மில்லுக்காரர். "எதுல கிண்டுன?"

"கோயில் அண்டாவுலங்க. ஒரே கொதியில முடிஞ்சா வெறகு மிச்சம்னு."

"எந்த அடுப்புல?"

"எங்க வூட்டு அடுப்புதாங்க."

"அறிவிருக்குதா உனக்கு? இத்தாம் பெரிய அண்டாவுக்கு அந்த அடுப்பு பத்துமா? ஓரம் வெந்தா நடுவு வெந்திருமா? எட்டுப் பானை மாவுக்கு எட்டுப் பானைத் தீ வேணாமா? இதுகூடத் தெரியாம என்னாத்த எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "இதத்தாங்க அன்னிக்கு அந்தப் பொட்டிக்குச் சொன்னேன்," என்றேன்.

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினாள். தர்மகர்த்தா குழம்பில் உப்புத் தூக்கல் என்று யாரிடமோ சொன்னார்.

ஒப்புக்கொண்டார்களா என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. "சாப்பாடு வேற, யாபாரம் வேற," என்றார் கான்ட்ராக்டர், கையைக் கழுவிக்கொண்டே. ஆனால் தள்ளிவைக்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. தீர்ப்பே சொல்லாமல் ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து எழுந்தார்கள்.

அத்தை அந்த நேரத்தைத் தவறவிடவில்லை. "எங்க பங்குக்குக் கூடு வேணாங்க. அந்தப் பொட்டியக் குடுத்துருங்க. வெறகுக்காச்சும் ஆவும்," என்றார். அதைக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டிருக்க மூன்று பேருக்கும் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலமே ஆள் விட்டுத் தூக்கிவந்து எங்கள் வாசலில் போட்டார்கள்.

மீதிப் பலகை

பெட்டியைப் பிரித்தோம். அதே ஆசாரி வந்து ஒன்றரை முழப் பெட்டிகளாகச் செய்தார். எத்தனை வந்தது? நாலு.

விடுதிச் சோப்புதான். பெரிய பெட்டிக்கு உள்ளே எட்டு வீட்டுக் கூடு பிடித்தது உண்மை. ஆனால் பலகை என்பது வெளிப்புறம் மட்டும். சின்னப் பெட்டியைப் போல எட்டு மடங்கு பிடிக்கிற பெட்டிக்கு நாலு மடங்கு பலகைதான் ஆகியிருக்கும். பிரித்தால் நாலுதான் வரும்.

அடுத்த ஈட்டுக்கு எட்டு வீட்டுப் பெண்களும் அந்த நாலு பெட்டியில் முறை வைத்து, அவரவர் அடுப்பில், தட்டு வைத்து, அவரவர் கூட்டை வேகவைத்தோம். நடுவிலிருந்தும் எடுத்து அறுத்துப் பார்த்தோம். ஒரு பூச்சிகூட வரவில்லை. விலை ஏறியபோது விற்றோம். ட்ரெய்னிங் ஸ்கூலில் எனக்கு இடம் கிடைத்தது.

கிளம்பின காலை நல்ல குளிர். டிரங்குப் பெட்டி பஸ் மேலே ஏறிவிட்டது. அத்தை ஜன்னல் ஓரம் நின்று, போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடு, யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது மில்லுக்காரர் வேகவேகமாக வந்து டிரைவரைக் கை காட்டி நிறுத்தினார். வழியனுப்ப வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். ஆயிரம் இருந்தாலும் ஊர்ப் பெரியவர். என் மனசுகூட ஒரு நிமிஷம் இளகிவிட்டது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, நீதானே சொன்ன, அந்தப் பொட்டி எட்டுப் பங்குன்னு?"

"ஆமாங்க." பாவம், ஒருவழியாகப் புரிந்துகொண்டாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"நானும் நல்லா ரோசன பண்ணிப் பாத்தேன். கீழ நாலு, மேல நாலு, எட்டுதான். சரியாத்தான் சொல்லியிருக்கற." குரலை உயர்த்தினார், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "அப்படின்னா எட்டுப் பொட்டி வந்திருக்கணுமே! நாலுதானே செஞ்சீங்கோ? பாக்கி நாலு பொட்டிப் பலகைய யாருக்கு வித்தீங்கோ?"

பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நான் பலகையின் முகத்தையும் பெட்டியின் வயிற்றையும் விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அத்தை என் கையை அழுத்தினார். பிறகு மில்லுக்காரர் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"தீட்டு பட்டுக் கரஞ்சு போச்சுங்கண்ணா. நீ வண்டிய எடுப்பா டிரைவரு."